மூட்டு தெரியாமல் ஒளி போடுவது

சர்க்யூட் போர்டுத் தொழிலின் வரலாற்றைச் சொல்பவர்கள் ரசாயனத்தைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். மஞ்சள் விளக்கு அறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது ஒளியைச் சரியான இடத்தில் விழவைக்க மனிதர்கள் பட்ட பாட்டின் வரலாறு.

ஒளி பட்டால் இறுகும் பூச்சு பழையது. பிரான்சில் நியெப்ஸ் 1820-களிலேயே நிலக்கீலைத் தகட்டில் பூசி, ஒளி படாத பகுதியை லாவண்டர் எண்ணெய் கொண்டு கரைத்தெடுத்தார். வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பால் ஐஸ்லர், அச்சுத் தொழிலில் இருந்த முறைகளைச் செம்புத் தகட்டுக்குக் கொண்டுவந்து, 1943-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அன்றிலிருந்து வேலை ஒன்றுதான்: பூசு, ஒளி போடு, கழுவு, வேண்டாத செம்பை அரித்தெடு.

நான் தொழிலுக்கு வந்த எண்பதுகளில், அம்பத்தூரில் ஒரு சிறு பட்டறையில், பாலியெஸ்டர் தாளில் கறுப்பு டேப்பையும் வட்டப் பேடுகளையும் ஒட்டி இரு மடங்கு அளவில் ஆர்ட்வொர்க் செய்வோம். அதைக் கேமராவில் சுருக்கி ஃபிலிம் எடுப்போம். இழுத்து ஒட்டிய டேப் வெயிலில் மெல்ல நகரும். மழைக்காலத்தில் ஃபிலிமே நீளும். ஜோசப் கெர்பரின் நிறுவனம் அறுபதுகளிலேயே உருவாக்கிய ஃபோட்டோபிளாட்டர் வகை இயந்திரங்கள், அதாவது ஃபிலிமில் ஒளியால் நேரே வரைபவை, எங்கள் பக்கம் வந்த பிறகு டேப் போயிற்று; ஃபிலிம் மட்டும் நின்றது.

ஃபிலிமை போர்டின் மேல் அழுத்தாமல், லென்ஸ் வழியாக உருவத்தை விழவைக்கும் யோசனை சில்லுத் தொழிலில் பிறந்தது. 1957-ல் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் ஜே லேத்ராப்பும் ஜேம்ஸ் நாலும் நுண்ணோக்கியைத் தலைகீழ் வேலைக்குப் பயன்படுத்தினார்கள்: பெரிய வடிவம் அதன் வழியே சுருங்கி விழுந்தது. 1978-ல் ஜிசிஏ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டெப்பர், சிலிக்கான் தகட்டைக் கட்டம் கட்டமாக நகர்த்தி ஒளி போட்டது. ஆனால் அங்கே ஒவ்வொரு கட்டமும் தனிச் சில்லு. நடுவில் அறுப்பதற்கான இடைவெளி உண்டு; ஒரு கட்டத்தின் கோடு அடுத்ததோடு சேர வேண்டியதில்லை.

1987-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லு, புரொஜெக்டருக்குள் புகுந்து, ஃபிலிமையே தேவையற்றதாக்கியது. இன்று 405 நானோமீட்டர் எல்இடி வைத்த புரொஜெக்டரால் நேரே ரெசிஸ்ட்டில், அதாவது செம்பின் மேல் ஒட்டிய, ஒளி பட்டால் இறுகும் உலர் பூச்சில், வரைகிறோம். ஒரு பிக்சல் 25 மைக்ரான் என்றால், 1920 பிக்சல் 48 மில்லிமீட்டர். 1080 பிக்சல் 27 மில்லிமீட்டர். 160-க்கு 100 மில்லிமீட்டர் அளவுள்ள யூரோகார்டு போர்டுக்குப் பதினாறு கட்டங்கள் வேண்டும். இங்கே தடங்கள் கட்டங்கள் சேரும் மூட்டைக் கடந்து ஓடுகின்றன. ஸ்டெப்பர் தவிர்த்த சிக்கல் நம் தலையில் விழுந்தது.

புரொஜெக்டர் நகரும் மேசையின் அச்சுக்கு 0.1 டிகிரி சாய்ந்திருந்தால், 48 மில்லிமீட்டர் தள்ளி அடுத்த கட்டம் சுமார் 84 மைக்ரான் விலகும். 150 மைக்ரான் தடத்தில் அது பாதிக்கும் மேல். அதனால் முதலில் கோணலாக விழும் உருவத்தை மென்பொருளால் நேராக்கும் புரொஜெக்டரின் கீஸ்டோன் திருத்தத்தை அணைத்துவிடுவேன். அது பிக்சல்களைக் குழப்பும். பிறகு ரெசிஸ்ட்டைப் பாதிக்காத சிவப்பு ஒளியில் உருவத்தின் இடது ஓரத்தில் ஒரு குறுக்குக்கோடு காட்டி, செம்பில் கீறிய புள்ளியை அதன் கீழ் வைத்து, மேசையை வலப்பக்கம் 45 மில்லிமீட்டர் நகர்த்துவேன். புள்ளி அதே பிக்சல் வரிசையில் வந்து நிற்க வேண்டும். மேலோ கீழோ விலகினால் புரொஜெக்டரைத் திருப்ப வேண்டும். எத்தனை பிக்சல் கடந்தது என்பதிலிருந்து உண்மையான அளவும் கிடைத்துவிடும். மறு அச்சிலும் இதையே செய்ய வேண்டும்.

கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பட்டையில் ரெசிஸ்ட் இரு முறை ஒளி வாங்கி, தடம் தடித்துவிடும். அங்கே ஒரு கட்டத்தின் ஒளி குறையக் குறைய மற்றதன் ஒளி கூட வேண்டும். பாதிச் சாம்பல் நிறம் பாதி ஒளியாகாது. அளந்தே அட்டவணை போட வேண்டும்.

மென்பொருளில் படத்தை வளைத்து புரொஜெக்டரின் சாய்வை மறைக்க இளைஞர்கள் முயல்வதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு என் வேண்டுகோள்: முதலில் திருகைத் திருப்பி இரும்பை நேராக்குங்கள். மென்பொருள் மிச்சத்துக்கு மட்டும் போதும்.