வாடகைக் கணக்குல மூணாவது ஆள்

தெருக்கோடியில எங்க அப்பா காலத்து ஓட்டு வீடு ஒண்ணு இருக்கு. அதுல ஆறு வருஷமா ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்காங்க. புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேருமே பட்டாசு ஆலைக்குப் போறவங்க. போன மாசம் ஒரு புரோக்கர் வந்தார்.

"அண்ணாச்சி, உள்ளுக்குள்ள நாலு ரூமாத் தடுத்துருங்க. காலேஜ் பசங்க வருவாங்க. தலைக்கு இவ்வளவுன்னு வாங்குனா இப்ப வர்றதுக்கு மூணு மடங்கு வரும்."

மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுற எனக்கு மூணு மடங்குங்கிறது சும்மா இல்ல. "யோசிச்சுச் சொல்றேன்"னு அனுப்பிட்டேன். இந்தப் பதிவு அந்த யோசனைதான்.

எங்க பக்கம் கல்லூரிகள் வந்த கதை பட்டணத்துல இருக்கிற உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். விருதுநகர்ல செந்திக்குமார நாடார் கல்லூரி 1947ல வந்தது. சிவகாசியில அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963ல. வியாபாரத்துலயும் தீப்பெட்டி, பட்டாசுலயும் சம்பாதிச்ச காசு படிப்புக்குத் திரும்பி வந்த காலம் அது. படிச்ச பிள்ளைகள்ல நிறையப் பேர் சுத்துப்பட்டு ஊர்க்காரங்க. பஸ்ல வந்து படிச்சிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவாங்க. 1984க்கு அப்புறம் தமிழ்நாடு முழுக்கத் தனியார் பொறியியல் கல்லூரிகள் வர ஆரம்பிச்சது. மானாவாரிக் கரிசல் நிலம் விலை கம்மி. அதனால கல்லூரி டவுனை விட்டு வெளிய, காட்டுக்குள்ள வந்தது. வெளி மாவட்டம், வெளி மாநிலப் பிள்ளைகளும் வந்தாங்க. விடுதியில இடம் கிடைக்காதவங்களும், விடுதிக் கட்டணம் கட்ட முடியாதவங்களும் பக்கத்துக் கிராமத்துல ரூம் தேடுனாங்க. இது ஒரு கல்லூரியோட கதை இல்ல, எந்தக் கல்லூரிக்குப் பக்கத்துல போய்ப் பாத்தாலும் இதுதான்.

இந்தச் சண்டை புதுசுன்னு நினைச்சுட்டு இருந்தேன். வாசிச்சுப் பாத்தா 800 வருஷம் பழசு.

இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு. அப்ப பல்கலைக்கழகத்துக்குன்னு சொந்தமாக் கட்டடம் கிடையாது. வாத்தியார், மாணவர் எல்லாருமே ஊர்க்காரங்க வீட்டுல வாடகைக்குத்தான் இருந்தாங்க. 1209ல ஒரு பெண் கொலையாகி, பழி ஒரு மாணவன் மேல விழுந்தது. அவன் தப்பிச்சு ஓடிட்டான். ஊர்க்காரங்க அவன்கூடக் குடியிருந்த மாணவர்களைப் பிடிச்சுத் தூக்குல போட்டுட்டாங்க. உடனே ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போனாங்க. அதுல ஒரு கூட்டம் போய்ச் சேர்ந்த இடம்தான் கேம்பிரிட்ஜ்.

மாணவர் போனதும் ஆக்ஸ்ஃபோர்டுக்காரங்க பிழைப்புப் போச்சு. 1214ல போப்பாண்டவரோட தூதர் வந்து சமாதானம் பண்ணி வச்சார். அந்தத் தீர்ப்புல முக்கியமானது வாடகை. மாணவர் இருந்த வீடுகளுக்குப் பத்து வருஷத்துக்குப் பாதி வாடகைதான் வாங்கணும். சாப்பாட்டுச் சாமானையும் நியாயமான விலைக்கு விக்கணும். 1231ல கேம்பிரிட்ஜ்ல வாடகை ஏறுதுன்னு புகார் வந்தப்போ, ராஜா மூணாம் ஹென்றி ஒரு வழி சொன்னார். பல்கலைக்கழகத்து ஆசிரியர் ரெண்டு பேர், ஊர்ப் பெரியவர் ரெண்டு பேர், நாலு பேரும் உக்காந்து வாடகையை மதிப்புப் போடணும். நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியேதான்.

நல்ல ஏற்பாடுதான். ஆனா உக்காந்த நாலு பேர் யாருன்னு பாருங்க. ஒரு பக்கம் பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் வீட்டுக்காரங்க. அதே ஊர்ல வாடகைக்கு இருந்த கூலிக்காரனுக்கு அங்க நாற்காலி இல்ல.

அமெரிக்காவுல பெர்க்லிக்கு வருவோம். 1967ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் விடுதி கட்டணும்னு சுமார் 2.8 ஏக்கரைக் கட்டாயமாக் கையகப்படுத்துச்சு. அங்க குடியிருந்தவங்களை வெளியேத்தி, வீடுகளை இடிச்சாங்க. ஆனா விடுதி கட்டல. இடம் சேறும் சகதியுமாக் கிடந்தது. 1969 ஏப்ரல்ல ஊர்க்காரங்களும் மாணவர்களும் சேர்ந்து அங்க செடி நட்டு 'மக்கள் பூங்கா'ன்னு பேர் வச்சாங்க. மே 15ல பல்கலைக்கழகம் வேலி போட்டது. கலவரம் வெடிச்சு, போலீஸ் சுட்டதுல ஜேம்ஸ் ரெக்டர்ங்கிற இளைஞன் செத்தான். அந்த இடத்துல விடுதி கட்ட வழி பிறந்தது 2024ல, மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம். விடுதிக்குன்னு வீட்டை இடிச்சு 55 வருஷத்துக்கும் மேல ஆச்சு. முதல்ல அந்த வீடுகள்ல இருந்தவங்க எங்க போனாங்கன்னு யாரு கேட்டா?

நம்மகிட்டயும் ஒரு கதவு இருந்து மூடிப்போச்சு. 1960ம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்துல 'நியாய வாடகை'ன்னு ஒண்ணு உண்டு, மனுப் போட்டா அதிகாரி வாடகையை நிர்ணயிப்பார். அதுவும் பெரும்பாலும் நகரங்களுக்குத்தான். 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த புதுச் சட்டப்படி, ரெண்டு பேரும் ஒப்பந்தத்துல எழுதிக்கிட்டதுதான் வாடகை. மூணு மடங்கு குடுக்க ஆள் வாசல்ல நிக்கும்போது, ஆலைக்குப் போற ஆளு எதை எழுதிக் கையெழுத்துப் போட முடியும்?

'ஊர்க்காரங்களுக்கும் கல்லூரிக்கும் சண்டை'ன்னு பேப்பர்ல போடுவாங்க. ஊர்க்காரங்கன்னு ஒரே கட்சி கிடையாது. வீடு வச்சிருக்கிற என்னை மாதிரி ஆளுக்குக் கல்லூரி வளர்றது லாபம். வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு அதே வளர்ச்சி வீட்டைக் காலி பண்ணச் சொல்ற நோட்டீஸ். பிள்ளைகளைத் திட்டியும் பிரயோஜனம் இல்ல. ஒரு ரூம்ல நாலு பேர் நெருக்கிப் படுக்கிற பிள்ளையும் ஏதோ ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளையாத்தான் இருக்கும்.

புரோக்கர் வந்துட்டுப் போனது அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு நாள் காலையில களத்துக்கே வந்துட்டாங்க.

"அண்ணாச்சி, தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கோங்க. போனஸ் வந்ததும் வேற வீடு பாத்துக்கிடுறோம். ஆலை வேன் வர்ற ஊராப் பாக்கணும்ல."

அதுவரைக்கும் எனக்கு வேன் ஞாபகமே இல்ல. விடியக்காலையில வேன் நம்ம விலக்குல நின்னு ஆளை ஏத்திட்டுப் போகும். வேன் வராத ஊருக்குக் குடி போனா அவங்களுக்கு வீடு மட்டும் இல்ல, வேலையும் போயிரும்.

"நீங்க எங்கயும் போக வேண்டாம் தாயி"ன்னு சொல்லிட்டேன். புரோக்கருக்கும் போன் பண்ணிச் சொல்லியாச்சு. மாடு வித்ததுல இருந்து தொழுவம் சும்மாதான் கிடக்கு. கையில காசு சேர்ந்தா அங்க ரெண்டு ரூம் எடுத்துப் பிள்ளைகளுக்கு விடலாம்னு இருக்கேன். யாரையும் கிளப்பாம வர்ற வாடகை போதும்.

ஆனா என் ஒரு வீட்டோட இது முடியாது. வர்ற அக்டோபர் 2 கிராம சபையில இதைப் பேசணும்னு எழுதிக் குடுத்திருக்கேன். கல்லூரியில இருந்து ஒருத்தர், வீட்டுக்காரங்கள்ல ஒருத்தர் வரட்டும். கூடவே வாடகைக்கு இருக்கிறவங்கள்ல ஒருத்தரும் வந்து உக்காரணும்.