பாம்பன் முதல் கல்கத்தா வரை: திட்ட மேலாண்மை என்னும் படிப்பு

நியூ டவுனில் குடியிருக்கும் என் தம்பி மகள், கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, திட்ட மேலாண்மையில், அதாவது புராஜெக்ட் மேனேஜ்மெண்டில், முதுநிலைப் பட்டம் படிக்கப் போவதாகச் சொன்னாள். தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. "வேலை செஞ்சா தானா வர்ற விஷயத்துக்கு ரெண்டு வருஷப் படிப்பா? போய் பெரியப்பாவைக் கேளு" என்று என்னிடம் அனுப்பிவிட்டான். நானோ கடையில் உட்கார்ந்தபடியே பழைய நூல்களைப் புரட்டிக் கற்றவன். பட்டம் ஏதும் இல்லாதவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் வரலாற்றைத் தேடினேன். அவளிடம் சொன்னதையே அன்பர்களுக்கும் இங்கே சொல்கிறேன்.

தம்பி கட்சிக்கு வலுவான சாட்சி நம் ராமநாதபுரம் சீமையிலேயே இருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தை 1964 டிசம்பரில் அடித்த புயல் சிதைத்தது. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாலத்தைச் சீரமைக்க ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன், கடலுக்குள் கிடந்த இரும்பு கர்டர்களை மீட்டெடுத்து மறுபடி ஏற்றி, 46 நாளில் வேலையை முடித்தார். அவர் காக்கிநாடாவில் சிவில் என்ஜினீயரிங் படித்தவர். திட்ட மேலாண்மையில் பட்டம் வாங்கியவரல்லர். "பாத்தியா, படிக்காமலே முடிச்சாரே" என்றான் தம்பி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஸ்ரீதரன் 1970-இல் கல்கத்தா மெட்ரோ திட்டப் பணிக்கு வந்தார். 1972 டிசம்பர் 29-இல் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை முதல் ரயில் ஓடியது 1984 அக்டோபர் 24-இல். தூரம் சுமார் மூன்றரை கிலோமீட்டர். காலம் ஏறக்குறைய 12 ஆண்டு! டம் டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுமை பெற்றது 1995-இல். பணத் தட்டுப்பாடு, நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் இடம் மாற்றும் சிக்கல், நீதிமன்றத் தடைகள், சாமான்கள் நேரத்துக்கு வராமை எனப் பல காரணங்கள். பாம்பனில் கடலும் காலமுமே எதிரி. இங்கோ ஒரு துறையின் தாமதம் இன்னொரு துறையின் கையைக் கட்டியது. எத்தனை கெட்டிக்காரராயினும் தனி ஒருவர் தலைக்குள் வைத்துச் சமாளிக்கும் வேலையன்று.

இந்தச் சிக்கலுக்காகவே ஒரு சாஸ்திரம் உருவானது. 1957-இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் 'கிரிட்டிகல் பாத்' என்ற முறையை வகுத்தனர். மறு ஆண்டு அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைக்காக 'பெர்ட்' முறையைக் கொண்டுவந்தது. நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்தால் விளங்கும். மண்டபம் கிடைக்காமல் தேதி இல்லை, தேதி இல்லாமல் பத்திரிகை இல்லை. பூமாலைக்குச் சொல்வது ரெண்டு நாள் தள்ளினாலும் பாதகமில்லை. மண்டபம் தள்ளினால் எல்லாமே தள்ளும். எது தள்ளக்கூடாத வரிசை என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் காண்பதே இந்த முறை.

இத்தகைய நிர்வாகப் படிப்புக்கு இந்தியாவில் வழிகாட்டியதும் இந்த ஊர்தான் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1953-இல் கல்கத்தாவில் சமூக நல, வணிக மேலாண்மை நிறுவனம் தொடங்கியது. நாட்டின் முதல் மேலாண்மைக் கல்லூரி என்று போற்றப்படுவது அதுவே. 1961 நவம்பரில் ஐ.ஐ.எம். கல்கத்தா, அமெரிக்காவின் எம்.ஐ.டி. உதவியோடு எழுந்தது.

எங்கள் தாத்தா கடன் பாக்கி முழுவதையும் மனசிலேயே வைத்திருந்தார். ஒரு பைசா தவறமாட்டார். அவர் போனபின் யார் எவ்வளவு தரணும் என்று சொல்ல ஆளில்லை. அதன்பிறகுதான் எங்கள் கடையில் பேரேடு ஒழுங்காக எழுதலானோம். ஒருவரின் திறமை அவரோடு போகாமல் அடுத்தவருக்கும் கிடைக்க வேண்டுமானால் அது பாடமாக வேண்டும். பட்டப்படிப்பின் பயன் அதுவே என்று தம்பிக்குச் சொன்னேன்.

மகளுக்கும் ஒன்று சொன்னேன். பி.எம்.பி. என்னும் சான்றிதழுக்குப் பட்டதாரிகளிடம்கூட மூன்றாண்டு அனுபவம் கேட்கிறார்கள். எனவே, "வேலையை விடாதேம்மா, மாலையிலோ வார இறுதியிலோ படி. பணம் கட்டுமுன் யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கான்னு பாரு. சொல்லித்தர்றவங்க களத்துல நின்னவங்களான்னு கேளு" என்றேன்.

வார இறுதி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். முதல் பருவக் கட்டணத்தைத் தம்பிதான் கட்டினான்.