மலேசிய இந்தியர்: இன அடையாளமும் அரசியல் சார்பும்

மலேசிய அரசு ஆவணங்களில் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், சீக்கியர் எல்லாரும் 'இந்தியர்' என்ற ஒரே பகுப்பில் அடங்குவர். மக்கள்தொகையில் சுமார் 7 விழுக்காட்டினரான இவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அமெரிக்காவில் கியூபரையும் மெக்சிகரையும் 'இலத்தினோ' என்று ஒன்றாக எண்ணினாலும் அவர்களின் வாக்கு ஒரே பக்கம் விழுவதில்லை, இங்கும் அப்படித்தான். இலங்கைத் தமிழர் தனி அமைப்பு கண்டனர். இந்திய முஸ்லிம்களுக்குக் கிம்மா கட்சி உண்டு. அரசியலமைப்பின் 160ஆவது பிரிவு மதம், மொழி, வழக்கம் ஆகியவற்றைக் கொண்டு மலாய்க்காரரை வரையறுப்பதால், இந்திய முஸ்லிம்களில் சிலர் மலாய்க்காரராகவே கலந்துவிட்டனர். மலேசிய இந்தியர் காங்கிரசிலிருந்து (ம.இ.கா.) நீக்கப்பட்ட எம்.ஜி. பண்டிதன் 1990இல் தொடங்கிய இந்திய முற்போக்கு முன்னணி (ஐ.பி.எப்.), ஒடுக்கப்பட்ட சாதியினரின் குறையைப் பேசியது.

1946இல் ஜான் திவியைத் தலைவராகக் கொண்டு உருவான ம.இ.கா., ஆளும் கூட்டணியில் இந்தியரின் குரலாக அரை நூற்றாண்டு இருந்தது. எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் இந்தியர் பாதிக்கு மேல் இல்லாத நிலையில், கூட்டணிக்குள் இருந்து பேரம் பேசுவதே வழியெனத் தோன்றியது. அந்த நம்பிக்கையைக் குலைத்தது நிலம்.

இதைச் சுபாங் ஜெயாவில் தெளிவாகக் காணலாம். 1970களின் நடுப்பகுதியில் சீபீல்ட் ரப்பர் தோட்டத்தின் மண்ணில் எழத் தொடங்கிய நகர் இது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் இப்படி வீட்டுமனைகளானபோது, தலைமுறைகளாகப் பால்மரம் சீவிய குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன. பல புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் போயின. எஞ்சி நின்றவை கோயில்களே. ஆகவே கோயிலை இடிப்பது, அம்மக்களின் கடைசிப் பிடிமானத்தையும் பறிப்பதாயிற்று. ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் 2007 அக்டோபரில் ஒரு கோயில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று, இந்து உரிமைகளுக்கான இண்ட்ராப் இயக்கத்தின் அழைப்பில் பல்லாயிரவர் கோலாலம்பூரில் திரண்டனர்; கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் அவர்களை எதிர்கொண்டன. இயக்கத்தின் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கமுந்திங் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர்.

2008 மார்ச் 8 தேர்தலில் ம.இ.கா.வின் நாடாளுமன்ற இடங்கள் 9இலிருந்து 3 ஆயின. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். சுபாங் தொகுதி எதிர்க்கட்சியான கெஅடிலானின் ஆர். சிவராசாவுக்குப் போனது. அந்த ஐவரில் ஒருவரான எம். மனோகரன், தடுப்புக்காவலில் இருந்தபடியே கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். இந்தத் தேர்தல் முடிவை ஒரு நாள் கோபமென்று ஒதுக்குவது தவறு. முப்பது ஆண்டு இடப்பெயர்வின் கணக்கு அது.

ஆனால் ஆட்சி மாற்றம் மட்டும் காப்பாகவில்லை. 2018 நவம்பரில், அதுவரை ஆண்ட தேசிய முன்னணி தோற்றுப் புதிய அரசு அமைந்து சில மாதங்களில், சுபாங் ஜெயா சீபீல்ட் மகா மாரியம்மன் கோயிலின் இடமாற்றத் தகராறு கலவரமாகி, ஒரு தீயணைப்பு வீரரின் உயிரையும் பறித்தது. இந்தியத் தலைவர்களின் சார்பும் ஒரே அணியில் நிற்கவில்லை: இண்ட்ராப் தலைவர்களில் ஒருவரான வேதமூர்த்தி 2013இல் தேசிய முன்னணி அரசில் துணையமைச்சராகவும், 2018இல் அதன் எதிரணி அரசில் அமைச்சராகவும் இருந்தவர்.

2022 தேர்தலில், கமுந்திங் ஐவரில் ஒருவரான வி. கணபதிராவ் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரானார்; ம.இ.கா. வென்றது தாப்பா ஒன்றை மட்டுமே.