ஏரியைப் பார்க்கப் போகிறவர்கள்

காணும் பொங்கலன்று புளிசாதமும் முட்டையும் கட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்துக் கிளம்புவது வடசென்னையிலும் அதற்கு மேலேயும் பழைய பழக்கம். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கத்து ஆட்களுக்குக் கைக்கெட்டும் தண்ணீர் பழவேற்காடு ஏரிதான். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. அதன் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம்மிடம்.

ஆனால் இந்த ஏரியைச் சும்மா "பார்க்க" வருவது ரொம்பச் சமீபத்து விஷயம். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது துணி வாங்க. துணியோடு அடிமைகளையும் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள் அதில் நிறைய. இன்று டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் எலும்புக்கூடு சிற்பத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கிறோம். கப்பலேறிப் போனவர்களுக்குத்தான் கல் எதுவும் இல்லை.

பிறகு கால்வாய் வந்தது. 1806-இல் சென்னையில் தொடங்கி வடக்கே நீண்ட அதை, 1876–78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்களை வைத்து மேலும் வெட்டி, ஆளுநர் பக்கிங்காம் பெயரை வைத்தார்கள். அந்த வழியாகப் போன படகுகளில் விறகும் உப்பும்தான். ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகில் சென்னை அடுப்புகள் எரிந்தன. 1971-இல் அந்தத் தீவிலிருந்து ராக்கெட் பறக்க ஆரம்பித்தது.

மீனவர்களுக்கு ஏரி தொழில் செய்கிற இடம். இங்கே "பாடு" என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பிரிப்பார்கள். முறை தவறினால் பஞ்சாயத்து. இறாலுக்கு இவ்வளவு கறாரான கணக்கு வைத்த கரையில், சவாரிக்கு ஏறுகிற பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கணக்கு உருவாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள், படகு சும்மா கிடந்தது, ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில். ஏரியோ பெரும்பாலும் இடுப்பளவு ஆழம்கூட இல்லாதது, அதில் எப்படி என்று கேட்கத் தோன்றும். முகத்துவாரத்துக்குப் பக்கம் கதையே வேறு. ஏரித் தண்ணீர் கடலுக்கு இழுக்கும், அலை எதிரே வரும், மணல்மேடு நாளுக்கொரு இடத்தில் இருக்கும். வலைக்காரருக்கு இது உள்ளங்கை மாதிரி. ஆனால் அவர் படகு, உட்கார்ந்து வேலை செய்யும் நாலைந்து பேருக்கானது. போட்டோவுக்காக ஒரே பக்கம் எழுந்து நிற்கிற இருபது பேருக்கானது இல்லை.

இது பழவேற்காட்டுக்கு மட்டும் வந்த விதியும் இல்லை. 2009-இல் தேக்கடியில் 45 பேர். 2023 மே 7, ஞாயிறு மாலை, தானூரில் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய இரண்டடுக்குப் படகு. அங்கேயும் 22 பேர், பாதிக்கு மேல் பிள்ளைகள். ஒரே வீட்டிலிருந்து பதினோரு பேர்.

பழவேற்காட்டில் அதன்பின் சவாரிக்குத் தடை வந்தது. தடை வந்தாலும், "ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம் சார்" என்கிற குரல் கரையில் ஓயவில்லை. கூப்பிடுகிறவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. மீன்பாடு குறைந்த நாளில் அவருக்கு அது ஒரு வேளைச் சோறு. பின்னாலிருந்து "அப்பா, போட்டு!" என்று அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு மறுக்கவேண்டியவர் நாம்.

ஏறாமலே பார்க்க நிறைய இருக்கிறது. ஆரம்பாக்கத்திலிருந்து நெடுஞ்சாலையில் தடாவைத் தாண்டினால் சூலூர்பேட்டை. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. குளிர்காலத்தில், வெயில் ஏறுமுன் போனால், சாலையின் இரு பக்கமும் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். அவை எவ்வளவு தூரம் நடந்து போகின்றன என்று மட்டும் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஏரியின் ஆழம் அவர்களுக்கே தெரிந்துவிடும்.