தாத்தாவின் அழுங்கு மோதிரம்

எங்க ஆயாவின் சுருக்குப்பையில் ஒரு மோதிரம் இருந்தது. பழுப்பு நிறம், நகம் மாதிரி மங்கலான பளபளப்பு. மூலத்துக்காகத் தாத்தா விரலில் போட்டிருந்தாராம். "அழுங்கு ஓடுடா. ஜவ்வாது மலைலருந்து வந்தது" என்றாள். மூலம் சரியாச்சா என்று கேட்டேன். "எங்க? சாகற வரைக்கும் இருந்துது."

அழுங்குக்கு இன்னொரு பெயர் எறும்புத்தின்னி. தென்னமெரிக்காவில் குழாய் மூக்கும் புதர் வாலுமாகத் திரியும், இரண்டு மீட்டர் நீள மிருகத்தையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1758-ல் லின்னேயஸ் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தார் (யானையும் அதில்தான்!). இரண்டுக்கும் பல் கிடையாது, புற்றை உடைக்கும் நகம் உண்டு, பசை நாக்கு உண்டு. பெரிய எறும்புத்தின்னியின் நாக்கு 60 சென்டிமீட்டர் வரை நீளும். ஆனால் அதன் சொந்தக்காரன் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத். அழுங்குக்கோ நாய், பூனை வகையறாதான் நெருக்கம். ஒருவரையொருவர் பார்த்தேயிராத இரண்டு டீம், ஒரே பிரச்சினைக்கு ஒரே மாதிரி கோட் எழுதிய கதை.

வேறுபாடு தோலில் இருக்கிறது. அதற்கு முடி, இதற்குச் செதில். அழுங்கு பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தை உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மனுஷன் அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்வான்.

1820-ல் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு, மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு அழுங்குச் செதிலில் செய்த கவசத்தைப் பரிசளித்தார். தங்கப் பூச்சு வேலைப்பாடு, கூடவே தலைக்கவசம். அந்த ஜனவரியிலேயே ராஜா போய்ச் சேர்ந்தார். கண்பார்வை அதற்கு முன்பே போயிருந்தது. யாருக்காக அத்தனை அலங்காரமோ! கவசம் இப்போது லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செதில் வெறும் கெரட்டின், நம் நகத்தில் இருப்பதுதான். அதை மருந்தென்று நம்பி ஆசியா முழுக்கக் கடத்தினார்கள். 2016-ல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் எட்டு வகை அழுங்குகளின் சர்வதேச வியாபாரத்துக்கும் தடை போட முடிவானது. சீனா தன் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து அழுங்குச் செதிலை நீக்கியது 2020-ல்தான். இங்கே அழுங்கு, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஒரு செதிலை வைத்திருப்பதும் குற்றம்.

ஆயா போனபின் சுருக்குப்பை என்னிடம் வந்தது. வனத்துறையில் கொடுத்துடலாம்மா என்றேன்.

"அது அவரு கைல கெடந்ததுடா" என்றாள் அம்மா.

ஜவ்வாது மலைக்குப் பலமுறை போயிருக்கிறேன். உயிரோடு ஓர் அழுங்கை இதுவரை பார்த்ததில்லை.