பூர்வகுடி இளையோர் வழிகாட்டித் திட்டம்

பூர்வகுடி இளையோர் வழிகாட்டித் திட்டம் என்பது கனடாவின் பூர்வகுடிச் சமூகங்களில் பள்ளி விட்ட பிறகு நடைபெறும் விளையாட்டு, உடல்நலத் திட்டம் ஆகும். தொடக்கப் பள்ளிச் சிறுவர்களை அதே ஊரின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே வழிநடத்துவது இதன் தனிச்சிறப்பு. ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் துணை நிற்பதோடு சரி.

தோற்றம்

மனிடோபா மாகாணத்தின் வடகிழக்கே, ஐலண்ட் லேக் பகுதியிலுள்ள கார்டன் ஹில் என்ற ஊரில் இத்திட்டம் உருவெடுத்தது. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து பனிச்சாலை அமையும். மற்ற நாள்களில் விமானமே கதி. அதனால் காய்கறி, பழங்களின் விலை அதிகம். பெரியவர்களுக்கே வரும் என்று கருதப்பட்ட இரண்டாம் வகை நீரிழிவு, 1980களிலேயே மனிடோபாவின் பூர்வகுடிச் சிறுவர்களிடம் கண்டறியப்பட்டது. அதைத் தடுக்கும் வழி தேடி, ஊராரும் மனிடோபா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கைகோத்தனர்.

செயல்முறை

ஒவ்வோர் அமர்விலும் சத்தான சிற்றுண்டி, ஓடியாடும் விளையாட்டு, உறவை வளர்க்கும் செயல்பாடு ஆகிய மூன்றும் இடம்பெறும். என்ன விளையாடுவது, என்ன உண்பது என்பதை மாணவ வழிகாட்டிகளே முன்கூட்டித் திட்டமிடுவர். சிற்றுண்டி பரிமாறுவதும் ஆட்டத்தை நடத்துவதும் அவர்கள் பொறுப்பு.

கோட்பாடு

லக்கோட்டா இனத்தவரான மார்ட்டின் புரோக்கன்லெக் பிறரோடு இணைந்து வகுத்த ‘துணிவு வட்டம்’ இதன் அடித்தளம். சொந்தம், தேர்ச்சி, தற்சார்பு, ஈகை ஆகிய நான்கும் நிறைந்தால்தான் பிள்ளை முழுமையாக வளரும் என்பது அதன் சாரம். கிரீ இனக் கல்வியாளர் வெர்னா கர்க்னஸ் முன்வைத்த மதிப்பு, பொருத்தம், பரஸ்பரம், பொறுப்பு என்னும் நெறிகளும் இதில் சேர்ந்துள்ளன.

விளைவு

2014இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், பங்கேற்ற சிறுவர்களின் இடுப்புச் சுற்றளவு, பங்கேற்காதவர்களோடு ஒப்பிடுகையில் குறைவாகவே கூடியிருந்தது. நல்ல உணவு பற்றிய அறிவும் மேம்பட்டிருந்தது. எனினும் இது ஒரே ஊரில் நடந்த சிறிய ஆய்வு. பின்னர் திட்டம் பிற மாகாணங்களுக்கும் பரவியது. இத்திட்டத்துக்கு எல்லா ஊருக்கும் பொதுவான பாடத்திட்டம் கிடையாது. விளையாட்டு, உணவு, மரபுக் கூறுகளை அந்தந்தச் சமூகமே முடிவுசெய்கிறது.