மயில்துத்தமும் மதுவும்

போர்தோ என்ற பெயரைச் சொன்னாலே உலகத்து ரசிகர்களுக்கு நாவில் நீர் ஊறுமாம். நம் ஊர்க் குடியானவர்களுக்கு ஊறாது. தமிழ்நாட்டில் அந்தப் பெயர் வழங்கி வருவது மதுக்கடையில் அல்ல. உரக்கடையில், தென்னந்தோப்பில், வெற்றிலைக் கொடிக்காலில். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல நிறப் பூச்சுமருந்து ஒன்று உண்டு. அதற்குத்தான் 'போர்டோ கலவை' என்று பெயர். பிரான்சு தேசத்து மாபெரும் மதுச்சீமை ஒன்று நம்மிடம் பூஞ்சாண மருந்தாக வந்து சேர்ந்த கதை சரித்திரப் புத்தகங்களில் அதிகமாகச் சொல்லப்படாதது.

நான் அந்தப் பெயரை முதலில் கேட்டது வளையமாதேவியில். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில், நெய்வேலிச் சுரங்கத்தின் ஓரத்தில் இருக்கும் கிராமம் அது. என் பெரியப்பா ஒருவருக்கு அங்கே கொஞ்சம் வயலும் பத்துப் பதினைந்து தென்னையும் இருந்தன. குருத்தழுகல் கண்ட மரத்துக்கு அவர் மருந்து கூட்டுவதே ஒரு வைதிக காரியம் போல இருக்கும். ஒரு கிலோ துத்தத்தை ஐம்பது லிட்டர் தண்ணீரில் தனியே கரைப்பார். ஒரு கிலோ சுண்ணாம்பை மற்றோர் ஐம்பது லிட்டரில் கரைப்பார். இரும்புப் பாத்திரம் கிட்டவே வரக்கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்றி, மூங்கில் கழியால் கலக்கிக்கொண்டே இருப்பார். கடைசியில் ஒரு பேனாக்கத்தியை அதற்குள் ஒரு நிமிஷம் பிடித்து எடுப்பார். கத்தியில் செம்பு நிறம் ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம்.

"போர்டோன்னா என்ன பெரியப்பா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மருந்தைக் கண்டுபிடிச்ச வெள்ளைக்காரன் பேரா இருக்கும் தம்பி. எவனா இருந்தா என்ன, மரம் பொழைச்சுதே!" என்றார்.

வெள்ளைக்காரன் பெயரல்ல, ஊரின் பெயர் என்று அவருக்கு நான் சொல்வதற்கு வெகு காலம் ஆயிற்று. பாரிஸில் ஒரு காரியமாகத் தங்கியிருந்த சமயம், இரண்டு மணி நேர ரயில் பிரயாணத்தில் போர்தோவுக்குப் போய்ச் சேர்ந்தேன். கரோன் நதிக் கரையில் 2016-ஆம் ஆண்டு மதுவுக்கென்றே ஒரு காட்சிசாலை கட்டித் திறந்திருக்கிறார்கள். வளைந்து வளைந்து வானில் ஏறும் கட்டிடம். 55 மீட்டர் உயரம். நுழைவுச் சீட்டோடு மேல்மாடியில் ஒரு கோப்பை மது இலவசம். அடியேனைப் போன்ற அப்பிராணிகளுக்குத் திராட்சைச் சாறு!

போர்தோ மதுவைப் பற்றி அந்நியருக்குப் பாடம் சொல்லித்தர அங்கே பள்ளிக்கூடமே நடக்கிறது. இரண்டு மணி நேர வகுப்பு ஒன்றில் நானும் போய் உட்கார்ந்தேன். மேஜையில் ஒவ்வொருவர் முன்னாலும் கோப்பைகளோடு துப்புவதற்கு ஒரு பாத்திரமும் வைத்திருந்தார்கள். நம் தாத்தாக்களின் படிக்கம் நினைவுக்கு வந்து சிரிப்பை அடக்க வேண்டியதாயிற்று. நாவில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவதுதான் அங்கே கௌரவம். விழுங்குகிறவன் கற்றுக்கொள்ள வரவில்லை, குடிக்க வந்திருக்கிறான்! நான் குடிப்பதில்லை என்று சொன்னதும் பாடம் நடத்திய அம்மாள், "அதனால் என்ன? மூக்கு இருக்கிறதல்லவா? முகர்ந்து பாருங்கள்" என்றார்.

முகர்ந்தேன். முதல் கோப்பை நதியின் இடக்கரை. மெதோக் பிரதேசத்துக் கூழாங்கல் மண்ணில் விளைந்தது. பென்சில் சீவும்போது எழும் வாசனை அதில் சந்தேகமில்லாமல் இருந்தது. இரண்டாவது வலக்கரை; சாந்த்-எமிலியோனின் களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த பூமி. அது பழுத்த பழத்தின் மிருதுவான மணம். இடக்கரையில் காபர்னே என்ற கொடி அதிகம், வலக்கரையில் மெர்லோ அதிகம். எந்தக் கொடியை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்வது மனிதனல்ல, மண்தான் என்றார் அந்த அம்மாள்.

கூட இருந்தவர்கள் வியந்து போனார்கள். எனக்கு வியப்பில்லை. வளையமாதேவியில் ஒரு பிடி சோற்றை வாயில் போட்டுவிட்டு, "இது ஏரித்தண்ணி நெல்லு இல்லே, மேட்டு வயல் நெல்லு" என்று சொல்லக்கூடிய மனிதரோடு நான் சாப்பிட்டிருக்கிறேன். அவருக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மெதோக் பூமியைப் பார்த்தால் நம் டெல்டாக்காரர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே சதுப்பு நிலமாகக் கிடந்த பிரதேசம். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரப் பொறியியலாளர்களை அழைத்து வடிகால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றினார்கள். அப்போது கூழாங்கல் மேடுகள் வெளிப்பட்டன. நெல்லுக்கு உதவாத அந்தக் கல்லாங்குத்துப் பூமிதான் திராட்சைக்குச் சொர்க்கமாயிற்று. வேர் தண்ணீரைத் தேடிக் கீழே கீழே போக வேண்டியிருப்பதால் பழத்துக்கு ருசி ஏறுகிறதாம்.

1855-இல் பாரிஸில் ஓர் உலகப் பொருட்காட்சி நடந்தது. மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியாக இருந்த சமயம். போர்தோ வர்த்தக சபையார் தங்கள் மதுத் தரகர்களை ஒரு பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். தரகர்கள் சுவைத்துப் பார்த்துச் சிரமப்படவில்லை. எது என்ன விலைக்குப் போகிறதோ அதை வைத்துச் சிவப்பு மதுப் பண்ணைகளை ஐந்து வகுப்பாகப் பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியல் இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. 1973-இல் ஒரு பண்ணை இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏறியதைத் தவிரக் குறிப்பிடத்தக்க மாறுதல் ஒன்றுமில்லை. சாம்ராஜ்யம் கவிழ்ந்தது, இரண்டு மகா யுத்தங்கள் வந்து போயின, பட்டியல் மட்டும் அசையவில்லை. தரகர்கள் ஒரு பொருட்காட்சிக்காக அவசரத்தில் எழுதிய காகிதத்துக்கு இவ்வளவு ஆயுள்!

பட்டியலுக்கு அழிவில்லையே தவிர, கொடிகளுக்கு அழிவு வரிசையாக வந்தது. முதலில் சாம்பல் நோய். கந்தகத்தூளைத் தூவி அதைச் சமாளித்தார்கள். 1860-களில் அமெரிக்காவிலிருந்து ஃபைலாக்ஸெரா என்னும் நுண்ணிய வேர்ப்பேன் வந்து பிரான்சு முழுவதும் திராட்சைக் கொடிகளைச் சாகடித்தது. அமெரிக்கக் கொடியின் வேருக்கு அந்தப் பூச்சியைத் தாங்கும் சக்தி இருந்தபடியால், அந்த வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், அதே அமெரிக்கக் கொடிகளோடு வந்ததாகக் கருதப்படும் அடிச்சாம்பல் நோய் 1878-இல் தலை காட்டியது. இலைகள் பழுத்து உதிர்ந்தன. இலையில்லாத கொடியில் பழம் எங்கே இனிக்கும்?

இந்தச் சமயத்தில்தான் மிலார்தே என்ற தாவர சாஸ்திரப் பேராசிரியர் பிரவேசிக்கிறார். 1882-ஆம் ஆண்டு, அறுவடை முடிந்த பருவம். சாந்-ஷூலியன் கிராமத்துப் பண்ணை ஒன்றின் வழியே நடந்து போனார். தோட்டம் முழுவதும் மொட்டை. பாதையோரத்து வரிசைகளில் மட்டும் இலைகள் பச்சையாக நின்றன. இது என்ன விந்தை என்று விசாரித்தார். வழிப்போக்கர்கள் பழம் பறித்துத் தின்றுவிடுகிறார்கள் என்பதற்காகத் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துப் பாதையோரக் கொடிகளின் மேல் தெளித்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். நீலமாகப் படிந்திருப்பதைப் பார்த்து விஷம் என்று பயந்து திருடர்கள் தொடமாட்டார்கள். வயலில் நாம் சோளக்கொல்லைப் பொம்மை வைப்பதில்லையா, அந்த மாதிரி!

திருடனுக்கு வைத்த பயம் நோய்க்கு மருந்தாயிற்று. மிலார்தே அதோடு விடவில்லை. கயோன் என்ற ரசாயன நிபுணரோடு சேர்ந்து, எவ்வளவு துத்தம், எவ்வளவு சுண்ணாம்பு என்று அளவு பார்த்துச் சோதித்து, 1885-இல் உலகுக்கு வெளியிட்டார். அதிலிருந்து அது உருளைக்கிழங்குக்கும் காப்பிக்கும் போயிற்று. 1910 வாக்கில் மைசூர் சமஸ்தானத்தில் கோல்மன் என்ற கனடா தேசத்து விஞ்ஞானி, மழைக்காலத்தில் பாக்குக் குலைகளை அழுகி உதிரச் செய்த கொளே ரோகத்துக்கு அதைத் தெளித்து வெற்றி கண்டார். அப்படித்தான் தென்னாட்டுத் தோட்டங்களில் அது வேரூன்றியது. பெரியப்பாவின் பேனாக்கத்திப் பரீட்சைக்குப் பின்னால் இத்தனை பெரிய வம்சாவளி இருந்தது.

போர்தோவிலிருந்து நீலம் நமக்கு வந்தது என்றேன். அதற்கு வெகு முன்பே நம்மிடமிருந்து போர்தோவுக்கு ஒரு நீலம் போயிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காடு ஜில்லா அவுரிக்குப் பெயர் போனது. புதுச்சேரியில் நெய்து, அவுரிச் சாயம் ஏற்றிய 'கினே' என்னும் நீலத் துணி கப்பலேறிப் போர்தோவுக்குப் போகும். போர்தோ வியாபாரிகள் அதை ஆப்பிரிக்காவில் செனெகல் நாட்டுக்கு அனுப்பி, அங்குள்ள வேலமரப் பிசினுக்குப் பண்டமாற்றுச் செய்வார்கள். அந்தப் பிரதேசத்தில் நம் துணி நாணயமாகவே செலாவணி ஆயிற்று. எத்தனை துணிக்கு எவ்வளவு பிசின் என்பதுதான் கணக்கு. போர்தோவின் மாடமாளிகைகளைப் பார்த்தபோது, அவற்றின் கல்லில் கொஞ்சம் நம் அவுரிச் செடியும் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அந்தத் துறைமுகத்தின் செல்வத்தில் அடிமை வியாபாரத்தின் பங்கும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

மெதோக்கில் நான் பார்த்தவற்றுள் விசித்திரமானது சாந்த்-எஸ்தெஃப் கிராமத்தில் இருக்கும் கோஸ் தெஸ்தூர்னெல் என்ற பண்ணை. பிரெஞ்சு நாட்டுப்புறத்தில், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே, கீழ்த்திசைக் கோபுரங்கள் நிற்கின்றன! லூயி-காஸ்பர் தெஸ்தூர்னெல் என்பவர் கட்டியவை. 1762-இல் பிறந்த இந்த மனிதர் தம் மதுவை இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்தார். விற்காமல் திரும்பி வந்த சரக்கை ஒரு நாள் ருசி பார்த்தாராம். போனதைவிட வந்தது நன்றாக இருந்ததாம்! நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருவதற்குள் பூமத்திய ரேகையை நாலு தடவை தாண்டிய சரக்கல்லவா? வெயிலும் குலுக்கலும் அதைப் பக்குவப்படுத்திவிட்டன. 'இந்தியாவிலிருந்து மீண்டது' என்று முத்திரை குத்தி அதற்குத் தனி மதிப்பு ஏற்படுத்தினார். ஊரார் அவருக்கு 'சாந்த்-எஸ்தெஃப் மகாராஜா' என்று பட்டம் சூட்டினார்கள். கோபுரம் கட்டிய கடனோ என்னவோ, 1852-இல் பண்ணை கைமாறியது. மறு வருஷம் மகாராஜாவும் காலமானார்.

'கோஸ்' என்றால் அந்த நாட்டுப் பேச்சில் கூழாங்கல் மேடு. இந்தப் பெயர் எனக்கு வேறொரு கோஸை நினைவூட்டியது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டைத் தோண்டியபோது யவன தேசத்து மதுச்சாடிகள் ஏராளமாகக் கிடைத்தன அல்லவா? அவற்றில் பெரும்பகுதி கிரேக்கத் தீவான கோஸின் பாணியைச் சேர்ந்தவை என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டார்கள். கடல்நீர் கலந்து செய்த மது அது. இரண்டு பெயருக்கும் சம்பந்தம் கிடையாது. நாவலாசிரியன் புத்தி எங்கே ஒற்றுமை கண்டாலும் நின்றுவிடுகிறது.

போர்தோவை விட்டுக் கிளம்புமுன் ஊரை ஒட்டியிருக்கும் ஒ-பிரியோன் என்ற பண்ணையைப் போய்ப் பார்த்தேன். 1855-ஆம் வருஷத்துப் பட்டியலில் முதல் வகுப்பு. நகரம் வளர்ந்து வளர்ந்து அதை நாலு புறமும் சூழ்ந்துவிட்டது. வீடுகள், கடைகள், டிராம் வண்டி. நடுவே திராட்சைத் தோட்டம். மனைக்கட்டாகப் பிரித்து விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று நம் ஊர்த் தரகருக்குக் கை அரிக்கும். அந்த மண்ணின் பெயர் புட்டியில் இருக்கிறது. அதனால் யாரும் தொடவில்லை.

வளையமாதேவிக்கு அத்தகைய பட்டியல் எதுவும் இல்லை. 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனத்தின் சுரங்கம் விரிந்துகொண்டே வந்தது. பழுப்பு நிலக்கரி எடுக்க வேண்டுமானால் மேல்மண்ணை முழுவதும் அகற்றியாக வேண்டும். கரியில்லாமல் மின்சாரமில்லை, நானும் அந்த விளக்கின் கீழ்தான் எழுதுகிறேன். பெரியப்பா வெகு நாளைக்கு முன்பே நிலத்தை விற்றுவிட்டுச் சிதம்பரத்தோடு போய்விட்டார். 2023 ஜூலை மாதக் கடைசியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காக, வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டார்கள் குடியானவர்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி ஆகஸ்டில் உத்தரவாயிற்று.

அந்த வருஷம் ஐப்பசியில் அந்தப் பக்கம் போயிருந்தேன். வாய்க்கால் கரையில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எங்கே எந்த வயல் இருந்தது என்று கேட்டேன். கையை நீட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாவமரத்து வயல், அதுக்கு மேற்கே பிள்ளையார் வயல், அதை ஒட்டிச் சின்னக்கொல்லை. சின்னக்கொல்லை நெல்லுக்குச் சோறு பொலபொலவென்று இருக்கும் என்றார். அதற்கு அடுத்த வயலின் பெயர் சட்டென்று அவருக்கு நினைவு வரவில்லை. வீட்டிலே கேட்டுச் சொல்கிறேன் என்றார்.